ஒற்றைக் குக்ரிக் காசு

காட்மாண்டுவின் எட்கா பகுதியில் சானுகாஜி தாம்ராகாரைத் தெரியாதவர்கள் கிடையாது. அவர் கடையில் அவசரத்துக்கு ஒரு செம்புக் குடம் வாங்கித் திரும்பியவர்களும் கிடையாது. குடம் வேண்டும் என்று போய் நின்றால் முதலில் உட்காரச் சொல்வார். உட்கார்ந்தால் தேநீர் வரும். தேநீர் பாதி இறங்கியதும், "உங்க வீட்டுல பழைய செப்புக்காசு ஏதாவது கிடக்கா? அரிசிப் பானை அடியில, சாமி அலமாரியில, எங்கயாவது?" என்று கேட்பார். இல்லை என்றால் முகம் வாடிவிடும். இருக்கிறது என்றால் குடத்தையே மறந்துவிடுவார். இப்படி வியாபாரம் செய்த மனிதர் ஐம்பத்தெட்டு வயதுவரை வேளை தவறாமல் சாப்பிட்டு, கவலையில்லாமல் தூங்கி எழுந்தார் என்றால் அதற்கு அவர் மனைவி ஹேராமாயாதான் காரணம். குடத்தை எடை போட்டு, சணல் கட்டி, ஆளை அனுப்பி வைப்பது அவள் வேலை.

தாம்ராகார்கள் பரம்பரையாகச் செம்பு அடிப்பவர்கள். சானுகாஜியின் அப்பா காலத்தில் அந்த வீட்டு உலை காசுகளைத் தின்று வளர்ந்தது. அரசாங்கம் புதுக் காசு போட்டதும் பழைய பைசாக்கள் கடையில் செல்லாமல் போயின. ஜனங்கள் அவற்றைக் கூடையில் கொண்டுவந்து கொட்டுவார்கள். நாணயச் சாலைச் செம்பு சுத்தமான செம்பு. உருக்கித் தட்டினால் குடம் மணி போல ஒலிக்கும். அப்பா ஒரு குவியலையும் திரும்பிப் பார்த்ததில்லை. பட்டாளத்தை அனுப்புவது போல உருக்கும் மூசைக்குள் அனுப்பிக்கொண்டே இருப்பார்.

பதினோரு வயதில் துருத்தி ஊதிக்கொண்டிருந்த சானுகாஜி, மூசையின் விளிம்பில் ஒரு காசு ஒட்டிக்கொண்டு உள்ளே விழ மாட்டேன் என்று நிற்பதைப் பார்த்தார். பெரிய இரண்டு பைசா. அதில் திரிசூலம் அத்தனை தெளிவாக இருந்தது. இடுக்கியால் எடுத்து மண்ணில் போட்டார். அப்பா கொடுத்த அறையில் காது பத்து நாள் ரீங்கரித்தது. ஆனால் காசு மிஞ்சியது. அதன் ஓரத்தில் நகக்கண் அளவு உருகி வழிந்திருக்கும். சானுகாஜி சேர்த்த முதல் காசு அது. அன்று பிடித்த பைத்தியம் அப்புறம் இறங்கவே இல்லை.

கல்யாணம் ஆகி வந்தபோது ஹேராமாயாவுக்கு இந்த விஷயத்தை யாரும் சொல்லவில்லை. அவளும் செம்பு அடிக்கும் வீட்டுப் பெண்தான். குடத்தின் அடித்தட்டை அவள் தட்டினால் சுத்தியல் தடம் வரிசை பிசகாமல் விழும். சானுகாஜியின் தடம் கோழி நடந்த மாதிரி இருக்கும். வந்த புதிதில், புருஷன் ஒரு தகர டப்பா நிறையக் கறுத்த காசுகளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்து, முகர்ந்தும் பார்ப்பதைக் கண்டாள். மறுநாள் நல்ல எண்ணத்தில் அவற்றைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று அடுக்கி வைத்தாள். சானுகாஜி அழுதுவிட்டார். கல்யாணமாகிப் பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. காசின் மேல் படிந்த பச்சையும் கறுப்பும்தான் அதன் வயசு, அதைச் சுரண்டினால் உயிர் போய்விடும் என்று அவர் விக்கி விக்கிச் சொன்னார். அவளுக்கு அது விளங்கவில்லை. ஆனால் அழுகிற ஆம்பளையை மறுபடி அழவைக்கக் கூடாது என்பது விளங்கியது. பழைய கறுப்புப் புடவையைக் கிழித்து, வரிசை வரிசையாகச் சின்னப் பைகள் தைத்து, சுருட்டி வைக்கிற மாதிரி ஒரு துணிச்சுருள் செய்து கொடுத்தாள். முதல் பையில் அந்த ஓரம் உருகிய இரண்டு பைசா போயிற்று. அப்புறம் முப்பத்து நான்கு வருஷத்தில் பத்துச் சுருள்கள் ஆயின.

சனிக்கிழமைதோறும் கடைக்கு விடுமுறை. காலையில் அசன் பக்கத்துத் தேநீர்க் கடையில் நாலைந்து காசுப் பைத்தியங்கள் கூடும். அந்தக் கூட்டத்துக்கு ராஜா, பக்கத்து ஊரான பாட்டனிலிருந்து வருகிற லோகரத்ன சாக்யா. விக்கிரகம் வார்க்கிற தட்டார். உயரம் குறைவு, குரல் பெரிது. அவரிடம் ஒற்றைக் குக்ரிக் காசு இருந்தது.

அந்த வரிசைப் பைசாக்களில் நடுவில் இரண்டு குக்ரிக் கத்திகள் குறுக்காகக் கிடக்கும். ஏதோ ஒரு நாள் அச்சுக்குள் அழுக்கு அடைத்துக்கொண்டதோ என்னவோ, சில காசுகளில் ஒரு குக்ரி மட்டும் விழுந்து மற்றது விழாமல் போயிற்று. அதிகாரி கண்ணில் படாமல் தப்பித்து வெளியே வந்தவை எத்தனை என்று யாருக்கும் தெரியாது. இவர்கள் கூட்டத்தில் கண்ணால் பார்த்தது ஒன்றுதான். லோகரத்ன அதைச் சிவப்புப் பட்டில் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்திருப்பார். கேட்டால் எடுத்து, மேஜையில் வைத்து, விரலைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார்.

"பாத்துக்க சானு. மூச்சு மேல படாம பாரு."

"மூச்சு பட்டா உன் குக்ரி ஓடிப்போயிடுமா?"

"உனக்கு வயித்தெரிச்சல். அந்தச் சூடு பட்டா செம்பு உருகிடும்பா."

பன்னிரண்டு வருஷம் இதே பேச்சு. பன்னிரண்டு வருஷமும் சானுகாஜி சிரித்துக்கொண்டே எழுந்து வந்து, வழி முழுக்கச் சிரிக்காமல் வீட்டுக்கு நடந்திருக்கிறார். ஊரில் இடிபடுகிற வீடெல்லாம் போய் நின்றார். அரிசிப் பானை, தானியக் குதிர், இறந்தவர்களின் பெட்டி எதையும் விடவில்லை. நல்ல காசுகள் எத்தனையோ வந்தன. அந்த ஒன்று மட்டும் வரவில்லை.

அந்த வருஷம் மழை பிடித்த புதிதில் கீர்த்திபூரில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது சுவருக்குள்ளிருந்து ஒரு குடுவைக் காசு வந்தது. வீட்டுக்காரர் சானுகாஜிக்கே ஆள் அனுப்பினார். களிம்பேறி, மண்ணோடு மண்ணாக ஒட்டிக்கிடந்த காசுகள். சானுகாஜி அவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக் கடுகெண்ணெய் ஊற்றி மூடினார். அவருடைய முறை அது. மூன்று மாசம் எண்ணெயில் ஊறினால் மண் தானாக விட்டுக்கொடுக்கும். அதுவரை கிளறக் கூடாது, பார்க்கக் கூடாது.

"தாளிக்க எண்ணெயில்லன்னு ரெண்டு நாளா சொல்றேன். உங்க காசுங்களுக்கு மட்டும் எண்ணெய்க் குளியல்" என்றாள் ஹேராமாயா.

"மொஹனிப் பண்டிகை முடிஞ்சதும் எடுத்துடறேன். அதுக்கப்புறம் அந்த எண்ணெய நீயே வெச்சுக்க."

"அதுல வடை சுட்டு முதல் வடை உங்களுக்குத்தான்."

டப்பா சமையல்கட்டு மாடத்தில் போய் உட்கார்ந்தது.

மொஹனி அஷ்டமிக்கு இருபது நாள் இருக்கும்போது ஹேராமாயாவுக்கு வலது கீழ்க்கடைவாய்ப் பல்லில் வலி கண்டது. கிராம்பு வைத்தாள். உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள். மூன்றாம் நாள் கன்னம் வீங்கி, துண்டால் தாடையைக் கட்டிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். முனகவில்லை. முனகுகிற ஜாதி இல்லை அவள். ஆனால் அவளுடைய பயம் வேறு. அஷ்டமி அன்று குடும்பமே வயசு வரிசையில் தரையில் உட்கார்ந்து, ஆளுக்கு இரண்டு மானா அளவு அவலை வாழையிலையில் குவித்துக்கொண்டு சாப்பிட வேண்டும். எங்கள் ஊரில் அந்த விருந்தைவிடப் பெரிய விருந்து கிடையாது. காய்ந்த அவல், வறுத்த கறுப்பு சோயா, எருமைக் கறி. பல்லுக்குத்தான் அன்று பூசை. அந்த வருஷம் மூத்த மருமகள் என்ற முறையில் அவள்தான் பெண்கள் வரிசையில் முதலில் உட்கார வேண்டியவள். மாமியார் போய் ஒரு வருஷம் முடிந்திருந்தது. முதல் இலையில் உட்கார்ந்து அவலைத் தண்ணீரில் ஊறவைத்து விழுங்குவதா என்பதுதான் அவளை வாட்டியது.

"பேகாலால்கிட்ட போயிட்டு வாயேன்" என்றார் சானுகாஜி.

பேகாலால் பல் டாக்டர். வாங்கேமுடாவில் பல்வலி சாமிக்கு நேர் எதிரே கடை. வாசலில் ஒரு ஜோடி மனிதப் பல்வரிசையை ஆள் உயரத்துக்கு வரைந்து தொங்கவிட்டிருப்பார். அதைப் பார்த்தே பாதிப் பேருக்கு வலி போய்விடும்.

"அவன் குறடை எடுத்தாலே எனக்கு மயக்கம் வரும். நான் சாமிகிட்டயே போறேன்."

பல்வலி சாமி என்பது ஒரு பெரிய மரக்கட்டை. வலி கண்டவர்கள் ஒரு காசை வைத்து அதில் ஆணி அடித்துவிட்டுப் போவார்கள். வலி மரத்தில் தங்கிவிடும். எத்தனை தலைமுறை அடித்தார்களோ, மரம் தெரியாமல் ஆணியும் காசுமாகச் செதில் பிடித்த மீன் மாதிரி இருக்கும். ஹேராமாயா வியாழக்கிழமை காலையில் கடைச் சுத்தியலையும் ஒரு ஆணியையும் எடுத்துக்கொண்டு போய் அடித்துவிட்டு வந்தாள். வெள்ளிக்கிழமை வீக்கம் உடைந்து இறங்கியது. சனிக்கிழமை காலை வறுத்த சோயாவை எடுத்து வாயில் போட்டு, வலது பக்கமாகவே கடித்துக் காட்டினாள்.

"வாங்க, சாமிக்கு ஒரு விளக்கு வெச்சுட்டு வருவோம். அப்புறம் உங்க கூட்டத்துக்குப் போங்க" என்றாள்.

போனார்கள். அவள் குங்குமம் வைத்தாள், அரிசி தூவினாள், விளக்கை ஏற்றினாள். சானுகாஜி கும்பிட்டார். கும்பிடும்போதும் கண்ணை மூடாத பழக்கம் அவருக்கு. அத்தனை காசு முன்னால் இருக்கும்போது யார்தான் மூடுவார்கள். அவர் கண் போன இடத்தில், துருப்பிடித்த ஆணிகளுக்கு நடுவே, எண்ணெய் மினுக்கோடு ஒரு பைசா இருந்தது. புது ஆணி. காசின் நடுவில் சாய்வாக ஒரு குக்ரி. மற்றது இருக்க வேண்டிய இடம் வழவழவென்று வெறுமையாக இருந்தது. ஆணி சரியாக அந்த வெறுமையில் இறங்கியிருந்தது.

சானுகாஜி சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்தார். சாமியின் முகத்தருகே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். பின்னால் பூக்காரி, "ஐயா, வழி விடுங்க, எல்லாருக்கும் பல்லு வலிக்குது" என்றாள். அது அவர் காதில் விழவில்லை.

"ஹேரா. இந்தக் காசு யார் அடிச்சது?"

"எது? அதா? அது நம்முளுதுதான்."

"நம்முளுதுன்னா?"

"உங்க எண்ணெய் டப்பாலேர்ந்துதான் எடுத்தேன். முறைக்காதீங்க. நல்லதைத் தொடல. நாலு காசத் தொடைச்சுப் பாத்தேன். மூணு நல்லா இருந்துச்சு, உள்ள போட்டுட்டேன். இது அச்சு சரியா விழாத கழிசல். ஒரு கத்தி இருக்கு, ஒரு கத்தி இல்ல. நீங்க பாத்தா தூக்கித்தான் போடுவீங்கன்னு இதை எடுத்தேன். எழுத்து மேல ஆணி படக்கூடாதுன்னு வெத்து இடமாப் பாத்து அடிச்சேன்." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "சாமிக்குக் கழிசலைக் குடுத்தோமேன்னு மனசுக்குள்ள உறுத்தலாத்தான் இருந்துச்சு."

சானுகாஜி பேகாலாலின் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே அது என்ன காசு என்று அவளுக்குச் சொன்னார். பன்னிரண்டு வருஷத்தையும் சொன்னார். லோகரத்னவின் சிவப்புப் பட்டையும் சொன்னார்.

ஹேராமாயா முழுவதையும் கேட்டாள். அவள் முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்படியா! அதான் வலி அவ்வளவு சுருக்கா விட்டுச்சு. நான் கழிசலைக் குடுத்தேனோன்னு பயந்தேன். நல்ல காசுதான் குடுத்திருக்கேன்."

  சானுகாஜி அன்று தேநீர்க் கடைக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து, மூன்று மாசக் கட்டுப்பாட்டை உடைத்து, டப்பாவைக் கவிழ்த்துப் பொழுது சாயும்வரை தேடினார். இருநூற்றுப் பதினேழு காசிலும் இரண்டிரண்டு குக்ரிகள் ஒழுங்காகக் குறுக்கே கிடந்தன. அத்தனை ஒழுங்கு அவருக்கு ஒருநாளும் இவ்வளவு வெறுப்பாக இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பேகாலால் கடைக்குப் போய், பல்லைக் காட்டாமல் பேச்சுக் கொடுத்தார்.

"ஏம்பா, அந்தச் சாமி மரத்துல யாராவது ஆணியைப் பிடுங்கினா என்ன ஆகும்?"

"அடிச்சவங்களுக்கு அன்னிக்கே வலி திரும்பும்னு பேச்சு அண்ணே. எனக்கு அதுல நம்பிக்கையும் இல்ல, நம்பிக்கையில்லாமலும் இல்ல. சாமிக்குக் கேக்காத பல்லு என்கிட்ட வருது. எனக்குக் கேக்காத பல்லு சாமிகிட்டப் போகுது. ரெண்டு பேரும் எதிரெதிரே சண்டையில்லாம இருக்கோம். ஏன், எதைப் பிடுங்கப் போறீங்க?"

"சும்மா கேட்டேன்."

வீட்டில் ஹேராமாயா தானாகவே பேச்சை எடுத்தாள்.

"வேணும்னா பிடுங்கிக்குங்க. உங்க காசு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." சொல்லிக்கொண்டே வலது கன்னத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். அவளுக்கே தெரியாமல் கை போயிற்று என்றுதான் சானுகாஜி சொல்வார். எனக்கு அதில் சந்தேகம் உண்டு.

மறுநாள் காலை ஒரு குறடைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனார். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து ஆணியைக் குறடால் கவ்வினார். செம்பு அடிக்கிற வீட்டுப் பெண் அடித்த ஆணி. தலையைக் காசோடு காசாகப் படிய வைத்திருந்தாள். லேசாக அசைத்ததற்கே மரம் கிர்ரென்றது. அந்தச் சத்தத்தில், தாடையைக் கட்டிக்கொண்டு அடுப்புக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தவளின் நினைவு வந்தது. மூன்று நாளில் ஒரு முனகல் கேட்டிருந்தால்கூட இவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். குறடை எடுத்துவிட்டார். இந்த மூடநம்பிக்கையெல்லாம் தனக்குக் கிடையாது என்று தனக்குள் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்.

அதற்குப் பிறகு தினமும் கடை திறக்கிற முன்பு அங்கே போனார். பார்ப்பார், கும்பிடுவார், வருவார். நாலைந்து நாளில் மனசு ஒருவிதமாகச் சமாதானமாயிற்று. பத்துச் சுருள் வீட்டில் இருக்கிறது, ஒரே ஒரு காசு தெருவில் இருக்கிறது, அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டார். அப்படியே விட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அடுத்த சனிக்கிழமை லோகரத்ன பட்டுத் துணியை அவிழ்த்தார்.

"பாத்துக்க சானு. உலகத்துலயே இதுக்கு ஜோடி கிடையாது."

"இருக்கு" என்றார் சானுகாஜி.

நாக்கில் சனி உட்கார்ந்தால் யாரால் என்ன செய்ய முடியும்.  லோகரத்ன பட்டை மடிக்காமலே அவரைப் பார்த்தார்.

"எங்க இருக்கு?"

"இங்கதான். நடந்தா பத்து நிமிஷம்."

பத்து நிமிஷ நடையில் சானுகாஜியின் மார்பு நிமிர்ந்தே இருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக லோகரத்ன அவர் பின்னால் வந்தார். மரத்துக்கு முன்னால் நின்று, விரலால் காட்டி, "மூச்சு மேல படாம பாரு" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் எத்தனை வருஷம் காத்திருந்தார் என்று சொல்லத் தேவையில்லை.

லோகரத்ன வெகுநேரம் பார்த்தார். பட்டிலிருந்து தன் காசை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருடையதில் இடது குக்ரி இல்லை. இதிலும் இடது குக்ரிதான் இல்லை.

"யார் அடிச்சது?"

இங்கேதான் சானுகாஜி தடுமாறினார். என் பெண்டாட்டி அடித்தாள் என்று சொன்னால் தேநீர்க் கடை அடுத்த பன்னிரண்டு வருஷத்துக்குச் சிரிக்கும். "யாரோ" என்றார்.

"யாரோதானே. அப்ப அடுத்த சனிக்கிழமை நான் குறடோட வரேன். ஓட்டை விழுந்தா விழுந்துட்டுப் போவுது, ஜோடி ஜோடிதான்."

"வேணாம்பா. அடிச்சவங்களுக்கு வலி திரும்பும்பாங்க."

"அது உங்க ஊர் சாமி. நாங்க பாட்டன்காரங்க, எங்களுக்கு எங்க சாமி. அதுவுமில்லாம யாரோ ஒருத்தர் பல்லுக்காக நீ ஏம்பா அழற?" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

விளையாட்டுக்குச் சொல்கிற மனிதரில்லை லோகரத்ன. அவர் வருவதாகச் சொன்ன சனிக்கிழமைக்கு மூன்றாம் நாள் அஷ்டமி. வீட்டில் ஹேராமாயா அவல் புடைத்துக்கொண்டிருந்தாள். முதல் இலையில் எந்தப் புடவை கட்டி உட்கார்வது என்று நாத்தனாரிடம் பேசிப் பேசி இரண்டு தடவை மாற்றியிருந்தாள். சானுகாஜி மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். தான் முந்திக்கொண்டு பிடுங்கினால் வலி அவளுக்கு. பிடுங்காமல் விட்டால் லோகரத்ன பிடுங்குவார், அப்போதும் வலி அவளுக்கு, காசு அவருக்கு. மூடநம்பிக்கை கிடையாது என்று சொல்லிக்கொண்டதெல்லாம் இந்தக் கணக்கில் உதவிக்கு வரவில்லை. தன் வாயால் தானே கெடுத்தோம் என்று அவருக்கு அவர் மேலேயே ஆத்திரம் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை முதல் துணிச்சுருளை விரித்தார். காசை மறைக்க வேண்டும். ஒரு காசின் மேல் இன்னொன்றை அடித்தால் கீழே இருப்பதை யாரும் தேட மாட்டார்கள். அந்த மரத்தில் அப்படி எத்தனையோ அடுக்குகள் உண்டு. சின்னக் காசு போதாது, பெரிய இரண்டு பைசா வேண்டும். அவரிடம் இரண்டு பைசா முப்பதுக்கு மேல் இருந்தது. தேய்ந்ததை எடுத்தார். உள்ளே வைத்தார். இன்னொரு தேய்ந்ததை எடுத்தார். ஹேராமாயா சாமிக்குக் கழிசலைக் கொடுத்தோமே என்று குரலைத் தாழ்த்திச் சொன்னது ஞாபகம் வந்தது. கழிசலை நம்பி அவள் பல்லை விட அவருக்கு மனமில்லை. முதல் பையில் விரலை விட்டார். ஓரம் உருகிய காசு வெளியே வந்தது. கொஞ்ச நேரம் அதை உள்ளங்கையில் வைத்திருந்தார். அப்புறம் சுத்தியலையும் ஒரு ஆணியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

நாற்பத்தேழு வருஷம் கூட இருந்த காசு. வாங்கேமுடாவில் வெயில் அப்போதுதான் மரத்தின் மேல் ஏறியிருந்தது. ஒற்றைக் குக்ரியை ஒரு தடவை கடைசியாகப் பார்த்துக்கொண்டார். அதன் மேல் இரண்டு பைசாவைப் பொருத்தினார். கச்சிதமாக மூடியது. அவருக்கு அடி ஒருநாளும் நேராக விழுந்ததில்லை. அன்று நாலே அடியில் ஆணி நேராக இறங்கியது. எதிர்க் கடையிலிருந்து பேகாலால் எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, உங்களுக்கும் வலியா? எந்தப் பல்லு?"

சானுகாஜி சுத்தியலைத் துண்டில் சுற்றினார். "இன்னிக்கு உன் கடைக்கு வேலை இல்லப்பா" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் லோகரத்ன செய்தித்தாளில் சுற்றிய குறடோடு வந்தார். தேநீர்க் கடைக்குக்கூடப் போகாமல் நேரே மரத்துக்கு வந்தார். சானுகாஜி அங்கேயே காத்திருந்தார். லோகரத்ன மரத்தைப் பார்த்தார். ஓரம் உருகிய காசைப் பார்த்தார். அதை அவருக்குத் தெரியும். கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அப்பா அறைந்த கதையை நூறு தடவை கேட்டவர்கள்.

"என்னப்பா இது? உன் முதல் காசு."

"ஆமா."

"அதுக்குக் கீழ இருக்கறது..."

"கீழ இருக்கறது என் வீட்டுக்காரி அடிச்சது. எண்ணெய் டப்பாலேர்ந்து எடுத்துட்டு வந்து கழிசல்னு நெனச்சு அடிச்சிட்டா. அன்னிக்குச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. இப்ப சொல்லிட்டேன். சிரிக்கறதுன்னா சிரி. பிடுங்கறதுன்னா ரெண்டு ஆணியும் பிடுங்கணும்."

லோகரத்ன சிரிக்கத்தான் செய்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பூக்காரி, பேகாலால், விளக்கு வைக்க வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குறடைக் கக்கத்தில் இடுக்கினார்.

"முதல்லயே வீட்டம்மாதுன்னு சொல்லியிருந்தா நான் பாட்டன்லேர்ந்து இரும்பைத் தூக்கிட்டு வந்திருப்பேனாய்யா? வா, தேநீர் குடிப்போம். இன்னிக்கு நான் வாங்கித் தரேன்."

கடையில் அவர் வழக்கம்போல் பட்டுத் துணியை எடுக்கவில்லை. யாரோ கேட்டதற்கும், "அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

அஷ்டமி அன்று மேல்மாடியில் குடும்பம் வயசு வரிசையில் உட்கார்ந்தது. இலைகளில் அவல் கோபுரமாகக் குவிந்தது. சோயா, இஞ்சி, கறி, கீரை எல்லாம் சுற்றி வந்தன. மண் சட்டியிலிருந்து அய்லாச் சாராயத்தை உயரத் தூக்கி ஊற்றினார்கள். பெண்கள் வரிசையின் முதல் இலையில், சிவப்புக் கரை வைத்த கறுப்புப் புடவையில் ஹேராமாயா இருந்தாள். ஒரு பிடி அவலை எடுத்து வாயில் போட்டாள். வலது பக்கமாக மென்றாள். நொறுக் நொறுக் என்று அந்தச் சத்தம் எதிர்வரிசையில் இருந்த சானுகாஜிக்கு நன்றாகக் கேட்டது. அவர் தன் இலையைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க துணிச்சுருளை வெயில்ல போடலாம்னு நேத்து விரிச்சேன்" என்றாள் அவள், மென்றுகொண்டே. "முதல் பை காலியா இருக்கு. காணாமப் போச்சா?"

"இல்ல. இருக்கு. உன் காசுக்கு மேல இருக்கு."

நொறுக் சத்தம் நின்றது. அவள் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு அவரைப் பார்த்தாள்.

"உங்களுக்கு எந்தப் பல்லு வலிச்சுது?"

"பல்லு இல்ல." அவர் தன் இலையிலிருந்து முதல் பிடி அவலை எடுத்தார். "பன்னெண்டு வருஷமா ஒரு வலி இருந்துச்சு. இப்ப இல்ல."

ஹேராமாயா பரிமாறிக்கொண்டிருந்த நாத்தனாரைக் கூப்பிட்டு, "உன் அண்ணனுக்கு இன்னும் ரெண்டு துண்டு கறி வை" என்றாள். பிறகு வலது பக்கமாகவே மெல்லத் தொடங்கினாள்.